20 அங்குலமா, 26 அங்குலமா: ரைஃபிள் குழல் நீளத்தைத் தேர்ந்தெடுப்பது

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் ரைஃபிள் வாங்க வருபவர்களில் இரண்டு வகையினரை அடிக்கடி பார்க்கலாம். பிள்ளையை 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சியில் சேர்த்த பெற்றோர் ஒரு வகை. லைசென்ஸ் கைக்கு வந்து .22 (குழல் விட்டம் 0.22 அங்குலம்) ரைஃபிளில் 50 மீட்டர் சுடத் தொடங்குபவர்கள் மற்றொரு வகை. இருவருமே கடையில் முதலில் கேட்பது "குழல் எத்தனை அங்குலம்?" என்பதைத்தான். குழல் நீண்டால் குறி தப்பாது என்ற நம்பிக்கையில் வரும் கேள்வி இது. அந்த நம்பிக்கையில் உண்மையும் உண்டு, ஆனால் பலர் நினைக்கும் காரணத்தால் அல்ல. காரணம் புரியாமல் வாங்கினால், பத்து வருடம் தோளில் சுமக்கவேண்டிய பொருளைத் தப்பாக வாங்கிவிடுவோம்.

குழல் நீளம் நான்கு விஷயங்களை மாற்றுகிறது: குண்டின் வேகம், குறிபார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையிலான தூரம், குழலின் விறைப்பு, ரைஃபிளின் எடை எங்கே விழுகிறது என்பது. இவற்றில் நீங்கள் சுடும் போட்டிக்கு எது முக்கியம் என்று முடிவு செய்துவிட்டால், அங்குலக் கணக்கு தானே வந்துவிடும்.

வேகமும் விறைப்பும்

.22 தோட்டாவில் இருக்கும் மருந்து மிகக் கொஞ்சம். ஏறக்குறைய 16 முதல் 18 அங்குலத்துக்குள் அது தன் வேலையை முடித்துவிடுகிறது. அதற்கு மேல் குண்டு குழலுக்குள் உரசிக்கொண்டுதான் போகிறது. அதனால் 26 அங்குலக் குழலில் சுட்டால் வேகம் கூடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சில தோட்டாக்களில் கொஞ்சம் குறையவே செய்யும்.

"ரைஃப்ளிங்கில் அதிக நேரம் சுழன்றால் நேராகப் போகும்" என்ற பேச்சும் சரியில்லை. ரைஃப்ளிங் என்பது குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய சுருள் பள்ளம். .22 குழலில் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு குழல்வாயை விட்டு வெளியேறும் கணத்தில் என்ன வேகத்தில் சுழல்கிறது என்பதே பறப்பைத் தீர்மானிக்கிறது. அதற்கு முன் உள்ளே ஒரு சுற்று சுற்றியதா, ஒன்றரைச் சுற்று சுற்றியதா என்பதால் எந்த மாற்றமும் இல்லை.

விறைப்பைப் பார்த்தால் குட்டைக் குழலுக்குத்தான் சாதகம். ஒரே தடிமனுள்ள 20 அங்குலக் குழலையும் 26 அங்குலக் குழலையும் ஒரு முனையில் இறுகப் பிடித்து, மறுமுனையில் ஒரே எடையைத் தொங்கவிட்டால், நீளமானது 2.2 மடங்கு அதிகம் வளையும். வளைவு நீளத்தின் மும்மடியில் கூடுகிறது. தடிமன் இன்னும் பலமாக வேலை செய்யும்: 17 மி.மீ. குழலை 22 மி.மீ. ஆக்கினால் விறைப்பு ஏறக்குறைய 2.8 மடங்காகும். ஆகவே மெல்லிய 25 அங்குலக் குழலா, தடித்த 20 அங்குலக் குழலா என்று கேட்டால், ஸ்கோப் (தொலைநோக்கி சைட்) வைத்துச் சுடுபவருக்குத் தடித்த 20 அங்குலம் போதும். இதில் தயங்க ஒன்றுமில்லை.

10 மீட்டர் ஏர் ரைஃபிள்

இந்தப் போட்டியில் குழல் நீளத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். முன்னணி நிறுவனங்களின் போட்டி ஏர் ரைஃபிள்களில் உண்மையான குழல் சுமார் 42 செ.மீ. தான். அதற்கு முன்னால் நீண்டு தெரிவது வெறும் ட்யூப். முன் சைட்டைத் தள்ளி வைப்பதற்காகப் போட்டது. பெல்லட் வெளியேறும் வேகம் விநாடிக்கு 170 முதல் 175 மீட்டர். காகித அட்டையைத் துளைக்க அது தாராளம். சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் (ஐ.எஸ்.எஸ்.எஃப்.) விதிப்படி மெக்கானிஸத்தின் பின்முனையிலிருந்து குழல்வாய் என்று தெரியும் முனைவரை 850 மி.மீ. தாண்டக்கூடாது, மொத்த எடை 5.5 கிலோ தாண்டக்கூடாது. அளந்து பார்க்கவேண்டியவை இந்த இரண்டும்தான்.

குழலை நீட்டினால் இங்கே நஷ்டமும் உண்டு. 170 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட், கூடுதலாக 10 செ.மீ. கடக்க 0.6 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. ட்ரிகர் விழுந்த பிறகும் கை அசைந்துகொண்டிருக்கும் அந்த நேரம் முழுவதும் பெல்லட் குழலுக்குள்தான் இருக்கிறது. போட்டி ரைஃபிள் செய்பவர்கள் குழலைக் குட்டையாக வைத்து ட்யூபை மட்டும் நீட்டுவதற்கு இதுவே காரணம்.

ட்யூப் எவ்வளவு நீளம் என்பது வேறு கேள்வி. முன் சைட் வளையத்தைக் கண் 0.1 மி.மீ. தப்பாக நடுவில் வைத்துவிட்டது என்று கொள்வோம். சைட்டுகளுக்கு இடையே 80 செ.மீ. இருந்தால் 10 மீட்டரில் பெல்லட் 1.25 மி.மீ. விலகும். 65 செ.மீ. இருந்தால் 1.54 மி.மீ. விலகும். ஏர் ரைஃபிள் அட்டையில் ஒரு வளையம் 2.5 மி.மீ., பத்தின் புள்ளி 0.5 மி.மீ. தான். ஆக, தேர்ந்தவருக்கு அந்த வித்தியாசம் புள்ளியாகவே தெரியும். ஆனால் 12 வயதுப் பிள்ளைக்கு, முன்னால் கனம் கூடுவதால் வரும் நடுக்கம் இதைவிடப் பெரிய பிழையைக் கொண்டுவரும். பிள்ளைக்குக் குட்டை ட்யூபுள்ள ஜூனியர் மாடல் வாங்குங்கள். தோள் அகன்ற பிறகு ட்யூபை மாற்றிக்கொள்ளலாம். பழைய ரைஃபிள் வாங்கினால் குழலைவிட, அழுத்திய காற்றை அடைத்துவைக்கும் சிலிண்டரைத்தான் உற்றுப் பார்க்கவேண்டும். அலுமினியச் சிலிண்டருக்குத் தயாரித்த தேதியிலிருந்து 10 வருடம்தான் ஆயுள், தேதி அதன்மேலேயே பொறித்திருக்கும்.

ஸ்ப்ரிங் ஏர் ரைஃபிள்

ஓப்பன் சைட் போட்டிக்கும் வீட்டுப் பயிற்சிக்கும் வாங்கும், குழலை மடக்கி ஸ்ப்ரிங்கை அழுத்தும் மடக்கு ரைஃபிள்களில் குழல்தான் நெம்புகோல். ஸ்ப்ரிங் அழுத்தித் தள்ளும் காற்று கொஞ்சம்தான், பெல்லட்டின் வேகத்தில் பெரும்பகுதி முதல் 25, 30 செ.மீ.க்குள்ளேயே வந்துவிடும். மிச்ச நீளம் மடக்குபவருடைய கைக்காக. 45 செ.மீ. நெம்புகோலில் 20 கிலோ அழுத்தம் தேவைப்படும் ஸ்ப்ரிங்கை 36 செ.மீ.யில் மடக்க 25 கிலோ வேண்டும். ஒரு பயிற்சியில் 60 முறை மடக்குபவருக்கு அந்த 5 கிலோ பெரிய விஷயம். தோள் களைத்தால் கடைசி இருபது குண்டுகளும் சிதறும். அதனால் இந்த வகையில் மட்டும் நீளமான குழலையே சொல்வோம். வாங்கும்போது மடக்கும் கீலில் பக்கவாட்டு ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். குழலை மூடிய நிலையில் விரலால் இடமும் வலமும் தள்ளுங்கள். துளி அசைந்தாலும் அதை விட்டுவிடுங்கள். குழல் எத்தனை அங்குலம் இருந்தாலும் அது குறி தாங்காது.

முன்கூட்டியே சிலிண்டரில் அழுத்தி அடைத்த காற்றில் இயங்கும் பி.சி.பி. ரைஃபிளில் கணக்கு வேறு. சிலிண்டர் காற்று குண்டைத் தள்ளிக்கொண்டே வருவதால் குழல் நீள நீள வேகம் கூடும், ஒரே வேகத்துக்குக் காற்றும் குறைவாகச் செலவாகும். இங்கே சட்டம் குறுக்கே வருகிறது. 4.5 மி.மீ. விட்டத்தில் 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. 0.55 கிராம் பெல்லட் விநாடிக்கு 270 மீட்டரைத் தொட்டால் 20 ஜூல் ஆகிவிடும். நீளக் குழல் பி.சி.பி. வாங்குபவர்கள் விற்பவரிடம் ஜூல் அளவை எழுத்தில் வாங்கி, பில்லோடு வைத்துக்கொள்ள வேண்டும். வழியில் சோதனையில் நிறுத்தினால் காட்டவேண்டியது அந்தத் தாளைத்தான்.

.22, 50 மீட்டர்

உண்மையான தேர்வு இங்கேதான். சந்தையில் நான்கு விதமாகக் கிடைக்கும்.

16 முதல் 18 அங்குலம் வரையுள்ள குட்டைக் குழல் இலகுவானது, பெட்டியில் அடங்கும். ஸ்கோப் மட்டும் வைத்து, மேசையில் ஊன்றிச் சுடுபவருக்குப் பொருந்தும். சத்தம் காதருகே கூடுதலாக இருக்கும். பீப் சைட் (சிறு துளை வழியே குறிபார்க்கும் சைட்) வைக்க ஆசைப்படுபவர் இதை வாங்கவே கூடாது.

20, 21 அங்குலத் தடித்த குழலுக்கு எடுத்துக்காட்டு சி.இசட். நிறுவனத்தின் 457 வார்மின்ட், 52.5 செ.மீ. விறைப்பும் எடையும் நடுத்தரம். ஸ்கோப்போடு ப்ரோன் (படுத்த நிலையில்) சுடுபவர்களுக்கு இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

24, 25 அங்குல மெல்லிய குழல், அதே நிறுவனத்தின் 457 அமெரிக்கன் போல, 63 செ.மீ. பார்க்க அழகு, தூக்க இலகு. ஆனால் தொடர்ந்து 60 குண்டு சுடும் போட்டிக்கு ஏற்றதல்ல. ஸ்லிங்கை (ரைஃபிளைக் கையோடு பிணைக்கும் வாரை) இழுத்துக் கட்டினாலோ, கட்டையில் கை அழுத்தம் மாறினாலோ மெல்லிய குழல் அதைக் காட்டிக்கொடுக்கும். காலையில் விழுந்த இடத்தில் மதியம் விழாது.

26 அங்குலத் தடித்த போட்டிக் குழல், அன்ஷூட்ஸ் 1907 போல, 66 செ.மீ. இதற்கு மாற்றாக, அதே நிறுவனத்தின் 2013 மாடலில் குழல் 50 செ.மீ., முன்னால் ட்யூப்.

பீப் சைட்டில் சுடுபவருக்கு இந்தக் கடைசி வகையில்தான் போட்டி. 26 அங்குலக் குழலில் சைட் இடைவெளி 80 செ.மீ. அளவுக்கு வரும். ட்யூப் இல்லாத 20 அங்குலத்தில் 65 செ.மீ. தான். முன்பு சொன்ன அதே 0.1 மி.மீ. பிழை 50 மீட்டரில் 6.2 மி.மீ. விலகலாகவும் 7.7 மி.மீ. விலகலாகவும் விழும். அட்டையில் ஒரு வளையம் 8 மி.மீ., பத்து 10.4 மி.மீ. விட்டம். நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு: முன் சைட் தள்ளிப் போகப் போக அது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

சைட்டுக்குக் கிடைக்கும் இந்த லாபத்துக்கு எடையில் விலை கொடுக்கிறோம். 22 மி.மீ. தடிமனுள்ள குழல் ஒரு செ.மீ.க்கு 28 கிராம். 20 அங்குலத்திலிருந்து 26க்குப் போனால் 420 கிராமுக்கு மேல் கூடுகிறது. அதுவும் எல்லாம் முனையில். 5 கிலோ ரைஃபிளில் சமநிலைப் புள்ளி ஏறக்குறைய 3 செ.மீ. முன்னே நகரும். ப்ரோனில் ஸ்லிங் தாங்குவதால் அது நல்லதே, ஊசலாட்டம் மெதுவாகும். ஸ்டாண்டிங்கில் இடுப்பெலும்பின் மேல் முழங்கையை ஊன்றி நிற்கும் ஒல்லியான உடம்புக்கு அந்த 3 செ.மீ. முதுகு வலியாக மாறும். ப்ரோன் மட்டும் சுடுபவருக்கு 26 அங்குலத் தடித்த குழல் நேரான வழி. பாரிஸ் 2024இல் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது 3 பொசிஷனில், அதாவது மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடும் போட்டியில். அந்தப் போட்டியில் இறங்க நினைப்பவருக்கு 50 செ.மீ. குழலும் ட்யூபுமே எங்கள் தேர்வு. அலுமினிய ட்யூப் ஒரே நீளத்துக்கு மிகக் குறைந்த எடையில் சைட் இடைவெளியைத் தருகிறது. எடை வேண்டுமானால் தனியாக வளையம் போட்டுச் சரிசெய்யலாம்.

ட்யூபில் வரும் கோளாறுகளையும் தெரிந்துகொள்ளுங்கள். வெயிலில் அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும். க்ளாம்ப் திருகு தளர்ந்தால் குண்டு மேலும் கீழும் அலையும், சுடுபவர் தன் மூச்சைச் சந்தேகிப்பார். குழலும் ட்யூபும் சேரும் இடத்தில் பெயின்ட் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டால், நகர்ந்ததா என்று ஒரே பார்வையில் தெரியும். முன் சைட் சாயாமல் நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். சைட்டை முன்னே தள்ளியதும் வளையம் சின்னதாகத் தெரியும்: 65 செ.மீ.யில் 3.6 மி.மீ. வளையம் காட்டிய அதே காட்சிக்கு, 80 செ.மீ.யில் 4.4 மி.மீ. வளையம் வேண்டும். பழைய வளையத்தையே வைத்துக்கொண்டு ட்யூப் உதவவில்லை என்று கழற்றிப் போடுபவர்கள் உண்டு. போட்டியில் துளையிட்ட ட்யூபுக்கு அனுமதி இல்லை. ஓசூரில் தெருவுக்குத் தெரு நல்ல லேத் பட்டறை இருக்கிறது, அலுமினியக் குழாய் கடைவது அவர்களுக்குச் சின்ன வேலை. ஆனாலும் நிறுவனத்தின் ட்யூபையே வாங்குங்கள். குழலின் மையமும் ட்யூபின் மையமும் துளி விலகினால் குண்டு ட்யூபின் விளிம்பில் உரசும்.

நம் ஊர் வெயிலுக்கும் இதில் பங்குண்டு. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி .22 குண்டு விநாடிக்கு 326 மீட்டர் அளவில் கிளம்பும். ஓசூரில் தை மாதக் காலை 14 டிகிரியில் ஒலியின் வேகம் 340 மீட்டர். தர்மபுரியில் சித்திரை மதியம் 38 டிகிரியில் 354 மீட்டர். இரண்டிலும் அந்தக் குண்டு ஒலிக்குக் கீழேயே அமைதியாகப் போகும். ஹை வெலாசிட்டி தோட்டா 380 மீட்டரில் கிளம்பி, 50 மீட்டருக்குள்ளேயோ அதை ஒட்டியோ ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும். அந்த இறக்கத்தில்தான் குண்டு தடுமாறுகிறது. ஆடிக் காற்றிலும் அதிகம் ஒதுங்குவது அதுவே. காற்றை வெல்ல நீளக் குழலும் வேகத் தோட்டாவும் வாங்குவது இரட்டைச் செலவு. வெயிலில் சூடேறிய நீளக் குழலின் மேலிருந்து கிளம்பும் கானல் சைட்டுக்கு நேரே ஆடும். குழலின் மேல் நீளவாக்கில் ஒரு வெள்ளைப் பட்டையைக் கட்டினால் அது அடங்கும்.

பெரிய ரைஃபிள்கள், குழலை வெட்டும் யோசனை

.315, .30-06 வைத்திருப்பவர்களுக்கு 22 முதல் 24 அங்குலம் போதும். இவற்றில் ஓர் அங்குலத்துக்கு விநாடிக்கு 6 முதல் 9 மீட்டர் வரை வேகம் மாறும், ரேஞ்சில் அட்டைக்குச் சுடுபவருக்கு அது பெரிதல்ல. 20 அங்குலத்துக்குக் கீழே போனால் வெடிச்சத்தமும் வாய்த் தீயும் தாங்காது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அந்த லைசென்ஸ் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்துக்கு மேலானதல்ல.

நீளமாக வாங்கிப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 6ஆம் பிரிவு, உரிய லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கிக் குழலைக் குட்டையாக்குவதைக் குற்றம் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் தண்டனை 7 ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை போகும். வெட்டுபவருக்கும் அதே கதிதான்.

வாங்கும் முன்

விளம்பரத்தில் போட்டிருக்கும் நீளத்தை நம்பாமல் அளந்து பாருங்கள். ரைஃபிள் காலியா என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டை மூடி, தட்டை முனையுள்ள சுத்தம் செய்யும் கம்பியைக் குழல்வாய் வழியாகப் போல்ட் முகத்தில் முட்டும் வரை மெல்ல விடுங்கள். குழல்வாய்க்கு நேரே கம்பியில் டேப் ஒட்டி, வெளியே எடுத்து அளந்தால் அதுவே உண்மையான குழல் நீளம். ட்யூபோடு சேர்த்து அளந்து "27 அங்குலம்" என்று விற்கும் பழைய ரைஃபிள்கள் இதில் பிடிபடும்.

பிறகு குழல்வாயின் உள் விளிம்பைப் பாருங்கள். பஞ்சை அதன்மேல் சுற்றி இழுத்தால் எங்கேயும் நூல் மாட்டக்கூடாது. மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. குண்டு கடைசியாகத் தொடும் இடம் அது, ஒரு பக்கம் வாயு முன்னதாகக் கசிந்தாலே குண்டு சாயும். சிதறலுக்குக் குழல் நீளத்தைவிட இந்த விளிம்புதான் அதிகம் காரணமாகிறது.

கடைசியாக, ஸ்லிங்கும் சைட்டும் போட்ட முழு ரைஃபிளை, நீங்கள் சுடும் நிலையில், ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். மூன்றாவது நிமிடத்தில் முனை கீழே இழுத்தால் அந்தக் குழல் உங்களுக்கு நீளம்.

எடுத்துச் செல்வதையும் யோசியுங்கள். குழல் 15 செ.மீ. கூடினால் பெட்டியும் அவ்வளவு கூடும். சேலம் போகும் பஸ்ஸில் 130 செ.மீ. பெட்டியை நிறுத்த இடம் தேடவேண்டும். ஓசூரிலிருந்து பெங்களூரு ரேஞ்ச் 40 கி.மீ. தான் என்றாலும் நடுவில் மாநில எல்லை இருக்கிறது. .22 லைசென்ஸில் செல்லுபடியாகும் பகுதி என்ற இடத்தில் தமிழ்நாடு மட்டும் இருந்தால், கர்நாடகத்துக்குள் கொண்டுபோகும் முன் கலெக்டர் அலுவலகத்தில் பகுதியை நீட்டிக்க விண்ணப்பிக்க வேண்டும்.